சம்பளம் ஏற ஏற ஆண்–பெண் ஊதிய இடைவெளி குறையுமா?

நல்ல வேலைக்கு உயர்ந்துவிட்டால் இந்த இடைவெளி மறைந்துவிடும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பல பணக்கார நாடுகளில் உச்சத்தில்தான் அது அதிகம். அமெரிக்காவில் 1980-க்குப் பிறகு நடுத்தர, குறைந்த சம்பளக்காரர்களிடையே இடைவெளி நன்றாகவே சுருங்கியது, மேல்தட்டில் மெதுவாகத்தான்.

2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் சொல்லும் காரணம் எனக்கு வலுவாகப் படுகிறது. சட்டம், நிதி போன்ற துறைகளில் எந்நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும். வாரம் 60 மணி நேரம் உழைப்பவருக்கு 30 மணி நேரம் உழைப்பவரைப் போல இரண்டு மடங்கு அல்ல, அதற்கும் மேலேயே கிடைக்கும். குழந்தை பிறந்ததும் அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அம்மாதான். படிப்பும் திறமையும் அப்படியே இருக்க, சம்பளம் மட்டும் பின்தங்குவது அநியாயம். அமெரிக்க மருந்தாளுநர்களிடம் இடைவெளி குறைவு. அங்கே ஒருவர் வேலையை இன்னொருவர் எளிதில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அடித்தட்டில்? குறைந்தபட்ச ஊதியச் சட்டம் ஒழுங்காக அமலாகும் இடங்களில் இடைவெளி ஓரளவு அடங்கும். முறைசாரா வேலை மிகுந்த பல நாடுகளில் நிலைமை தலைகீழ்: குறைந்த கூலிக்காரர்களிடம்தான் சதவீதக் கணக்கில் இடைவெளி பெரிது. அந்தப் பெண்களில் பெரும்பாலானோருக்கு எழுத்து ஒப்பந்தமும் கிடையாது, கூலியைப் பேசி உயர்த்த சங்கமும் கிடையாது.