பழைய மோட்டார் படகில் கழற்றி வைத்த டீசல் ஹீட்டரை நானே திரும்ப மாட்டலாமா?

கேட்டவர் இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறார். தேம்ஸ் ஆற்றில் ஓட்ட 27 அடி பழைய படகு ஒன்று வாங்கியிருக்கிறார். விற்றவர் கேபின் ஹீட்டரைக் கழற்றி, குழாய், ஒயர், சைலன்சர் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டாராம். 2 கிலோவாட் டீசல் ஹீட்டர். குளிர் தொடங்குவதற்குள் அதைத் தானே மாட்டிவிட முடியுமா என்பது கேள்வி.

முடியும். இரண்டு சனிக்கிழமை வேலை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. அது ஹீட்டர் இல்லை, அதன் புகைக்குழாய்.

நான் திசையன்விளையில் பம்புசெட் இன்ஜின் பிரித்து மாட்டி வளர்ந்தவன். அப்புறம் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு படகுப் பட்டறையில் 11 வருடம். முதல் லீவில் ஊருக்கு வந்தபோது என்ன வேலை பார்க்கிறேன் என்று உவரி மாமாவிடம் சொன்னேன். "ஏ மாப்ள, நாங்க வல்லத்துல ஒதுங்க நெழல் இல்லாம கருகிச் சாவுதோம். அவனுவ படகுக்குள்ள அடுப்பு வைக்கானுவளா?" என்றார். கப்பல் மாதா கோயில் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஆனால் மாமா சொன்னது சரிதான், அது அடுப்புதான். ஒரு உலோகக் கூண்டுக்குள் டீசல் சொட்டுச் சொட்டாக விழும். குளோ பிளக் அதைப் பற்றவைக்கும். ஒரு சின்ன விசிறி எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையைக் குழாய் வழியாகத் திரும்ப வெளியே தள்ளும். கூண்டின் வெளிப்புறம் சூடேறியதும் இன்னொரு விசிறி கேபின் காற்றை அதன்மேல் ஓட்டிச் சூடாக்கிக் கொடுக்கும். எரியும் காற்றும் நாம் மூச்சு விடும் காற்றும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது.

இதை எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். பம்பு உறிஞ்சும் உயரம் 25 அடிக்கு மேல் போகாது என்பதால், தண்ணீர் இறங்க இறங்க டீசல் இன்ஜினையும் கிணற்றுக்குள் திட்டு கட்டி இறக்குவார்கள். இன்ஜின் ஓடி நின்ற கிணற்றுக்குள் உடனே இறங்காதே என்று நான் ஸ்பேனர் பிடிக்கும் முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவர்கள் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் யாரும் இறங்க மாட்டார்கள். நல்ல வழக்கம்தான், ஆனால் பாதி வழக்கம். விளக்கு அணைவது ஆக்சிஜன் குறைந்தால். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு ஆளைச் சாய்க்கிற அளவுக்கு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரியும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்ளும். கேபின் கதவை மூடிக்கொண்டு தூங்கினால் படகும் ஒரு சின்னக் கிணறுதான்.

ஆகவே பெட்டியைக் கவிழ்த்து முதலில் சைலன்சரை எடுங்கள். அடியில் ஒரு ஊசி ஓட்டை இருக்கிறதா? ஓரம் வெறுமனே மடித்து அழுத்தியிருக்கிறதா? அப்படியானால் அது லாரிக்கும் வேனுக்கும் செய்தது. வண்டியில் அது திறந்தவெளியில் தொங்கும், கொஞ்சம் கசிந்தாலும் காற்றோடு போய்விடும். படகில் அது இருப்பதே உள்ளே. சுற்றிலும் வெல்டு வைத்து, கசிவே இல்லாமல் செய்த படகு சைலன்சர் தனியாகக் கிடைக்கும். விலை கசக்கும், வாங்குங்கள்.

நெளிவுள்ள ஸ்டெயின்லெஸ் புகைக்குழாய், பெரும்பாலும் 24 மி.மீ. இருக்கும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள். இதில் நானே ஒரு தடவை சறுக்கினேன். சர்வீஸுக்குக் கழற்றிய ஹீட்டரைத் திரும்ப மாட்டும்போது, மேலே சுற்றியிருந்த வெப்பத் துணி புதுசு போல இருந்ததால் பிரித்துப் பார்க்காமல் அப்படியே பூட்டினேன். ஓட்டிப் பார்த்த இருபதாவது நிமிடம் பின் கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறியது. துணியைப் பிரித்தால் வளைவில் முடி போல ஒரு விரிசல், அதைச் சுற்றிக் கரிக்கோடு. படகுக்காரர் அன்று ராத்திரி அதில் தூங்குவதாக இருந்தார். பட்டறைக்காரர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதனால் புதுக் குழாயைப் பூட்டினாலும், துணி சுற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டி, மூட்டு மூட்டாக டார்ச் அடித்துக் கரி தெரிகிறதா என்று பாருங்கள். தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். படகின் பக்கச் சுவரில் புகை வெளியேறும் இடம் நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் குழாயை அன்னக் கழுத்து மாதிரி மேலே ஏற்றி இறக்குங்கள், அலை அடித்தால் தண்ணீர் ஹீட்டருக்குள் ஓடாது. எரியும் காற்றை இழுக்கும் வாய் புகை வாய்க்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கேபின் காற்றை இன்ஜின் அறையிலிருந்து இழுக்கவே கூடாது.

உங்கள் படகு இன்ஜின் பெட்ரோலா டீசலா என்று எழுதவில்லை. பெட்ரோல் என்றால் ஹீட்டருக்குத் தனி டீசல் டேங்க் வேண்டும், ஹீட்டர் இன்ஜின் பக்கமோ பெட்ரோல் டேங்க் பக்கமோ போகவே கூடாது. உள்ளே நெருப்பு இருக்கிறதே.

எரிபொருள் பக்கம் எனக்குப் பழகிய நோய்தான்: ஏர் பிடிப்பது. டேங்கிலிருந்து ஹீட்டருக்கென்று தனி உறிஞ்சுகுழாய் போடுங்கள். இன்ஜின் லைனில் டீ (T) மூட்டு போட்டுப் பிரித்து இழுத்தால் என்றைக்காவது காலை வாரும். உள்விட்டம் 2 மி.மீ. உள்ள சன்னக் குழாய்தான் சரி. பெரிய குழாயில் காற்றுக் குமிழ் ஓரிடத்தில் தங்கிவிடும். டிக் டிக் என்று அடிக்கும் அந்தச் சின்னப் பம்பைப் படுக்கையாக வைக்காமல் வெளியேறும் முனை மேலே பார்க்கச் சரித்து வையுங்கள். புது லைனில் டீசல் வந்து சேரும்வரை முதல் சில தடவை பற்றாது. அவசரப்பட்டு மறுபடி மறுபடி போட்டால் கன்ட்ரோலர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஹீட்டரைத் தளத்தில் உட்கார வைக்கும் கேஸ்கெட் மட்டும் கண்டிப்பாகப் புதுசு.

ஒயரிங்கில் ஒரு விஷயம்தான். குளோ பிளக் எரியும்போது 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், ஒயர் சன்னமாக இருந்தால் வோல்ட் விழுந்து ஹீட்டர் தொடங்காது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்டு நேராக எடுங்கள், மெயின் சுவிட்ச் வழியாக வேண்டாம். அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் ஓடித் தன்னைக் குளிரவைக்கும். அதற்குள் யாராவது மெயின் சுவிட்சைத் திருகினால் உள்ளே எல்லாம் வெந்துவிடும். சூடான காற்றுக் குழாயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வளைவைக் குறையுங்கள், ஒரு வாயாவது மூட முடியாததாக இருக்கட்டும்.

மாட்டிய பிறகு எப்போதும் சின்னச் சூட்டில் வைத்து ஓட்டாதீர்கள், கரி அடைக்கும். மாதம் ஒரு தடவை, கோடையில்கூட, அரை மணி நேரம் முழு வேகத்தில் விடுங்கள். போகும் டீசல் கால் லிட்டர்கூட இருக்காது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கும்போது வீட்டுக்கானதை வாங்காமல் படகு, கேரவனுக்கான இ.என். 50291-2 தரம் எழுதியதாகப் பாருங்கள். தேம்ஸுக்குப் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் 4 வருடத்துக்கு ஒரு தடவை வாங்க வேண்டும். படுத்துத் தூங்கும் வசதியுள்ள படகில் 2019 ஏப்ரலிலிருந்து அந்தச் சோதனையிலேயே அலாரம் கட்டாயம்.

சைலன்சரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இங்கே ஊரில் இப்போது ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது, அப்படியும் சட்டை ஒட்டுகிறது.