என் நோயை யாரிடம் சொல்வது?

அன்புள்ள அம்மாவுக்கு,

மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு, அந்நியத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வயது 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்ணில் பார்வை மங்கி, கண்ணை அசைத்தாலே வலித்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிட்டு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் என்றார்கள். பார்வை திரும்பிவிட்டது. ஆனால் இடது காலில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கடைத்தெருவில் நடந்து போயிருக்கிறேன். நெல் அவிக்கும் அடுப்பருகே நின்றால் கண் மறுபடி மங்குகிறது. சற்று உட்கார்ந்தால், "ஆள் நன்றாகத்தானே இருக்கிறாள்" என்கிறார்கள். நாத்தனாருக்கு வரன் பார்ப்பதால் வெளியே மூச்சு விடக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

சென்ற மாதம் தஞ்சாவூரில் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது ஒரு கல்லூரி மாணவியைப் பார்த்தேன். அவளுக்கும் இதே நோய். "என் மகளிடம் கொஞ்சம் பேசுங்கள்" என்று அவள் அம்மா என் எண்ணை வாங்கிக்கொண்டார். என் கதையைச் சொன்னால் அந்தப் பெண் பயந்துவிடுவாளோ? ஊருக்கும் தெரிந்துவிடுமோ?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

பேசுங்கள். செருப்பு கழன்றது தெரியாமல் நடந்ததை மருத்துவரால் தன் அனுபவமாகச் சொல்ல முடியாது; உங்களால் முடியும். முதலில் அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேளுங்கள். படிப்பா, கல்யாணமா, நடக்க முடியாமல் போய்விடுமோ என்பதா? கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இந்த நோய் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் "உனக்கும் இப்படித்தான்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். மருந்தைப் பற்றி மருத்துவர் பேசட்டும். விஷயம் வெளியே போகக்கூடாது என்று அவள் அம்மாவிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் அதே கவலை இருக்கும்.

எனக்கு அதைவிட உங்கள் வீட்டைப் பற்றித்தான் கவலை. இந்த நோயில், நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடுகிறது. உடல் சூடேறினால் அந்த நரம்பு வழியே செய்தி சரியாகப் போகாது, ஆறினால் சரியாகும். உடலை வருத்தி உழைத்தால் பார்வை தற்காலிகமாக மங்குவதை வில்ஹெல்ம் ஊட்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே பதிவு செய்திருக்கிறார். அடுப்படியை விட்டு நீங்கள் எழுந்து வருவது சோம்பல் அல்ல. உடல் ஆறிய பிறகும் மங்கல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இது தொற்றுநோய் அல்ல. உங்களுக்கும் நாத்தனாருக்கும் இரத்த உறவும் இல்லை. அவர் கல்யாணத்தோடு இதை முடிச்சுப் போட எந்தக் காரணமும் கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இந்த நோயின் பெயர் இருக்கிறது. சட்டம் வெளிப்படையாகப் பேசுவதை ஒரு மருமகள் வாய்க்குள் போட்டு விழுங்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை மருத்துவமனைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். வெயிலும் அசதியும் உங்களை என்ன செய்கின்றன என்று மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். மாமியாரிடம் உங்கள் கணவரே பேசட்டும். நெல் அவிக்கும் வேலையை யார் எடுத்துக்கொள்வது என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.