ஏழரை நிமிடம் போதுமா?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் டீம் லீட், வயது 34. தனியாக யோசித்தால் எல்லாம் தெளிவாக இருக்கிறது. மீட்டிங்கில் 'நீங்க சொல்லுங்க' என்று என் பக்கம் திரும்பினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தனி கோச் மணிக்கு 4,000 ரூபாய், எட்டு முறை. குழு என்றால் பன்னிரண்டு பேர், வாரம் ஒன்றரை மணி நேரம், ஆறு வாரத்துக்கு 9,000. எதில் சேரட்டும்? அப்பா தவறிய ஆறு மாதமாகத் தூக்கமும் சரியில்லை.
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: குழுவில் சேருங்கள். காசுக்காகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தொண்டை அடைப்பது பத்துப் பேர் முன்னால்தான், கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரிடம் பேசும்போது அது அடைக்கவே போவதில்லை, எட்டு முறை சரளமாகப் பேசி 32,000 கட்டிவிட்டு வருவீர்கள், திங்கட்கிழமை மீட்டிங்கில் பழைய கதைதான்.

ஆனால் 90 நிமிடத்தைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு ஏழரை நிமிடம் (சனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல). பாதி நேரம் கோச்சே பேசுகிறவர் என்றால் அதுவும் நாலுக்குக் கீழே போய்விடும். எல்லோரையும் வாராவாரம் எழுப்பிப் பேச வைப்பாரா என்று கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

அதற்கு முன், கூட்டத்தின் முன் பேசிப் பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போய்ப் பாருங்கள். 1924-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது, பெங்களூரில் பல கம்பெனிகளுக்குள்ளேயே நடக்கிறது. தலைப்பை அங்கேயே கொடுத்துப் பேசச் சொல்வார்கள். நேரம் காட்ட ஒரு நிமிடத்தில் பச்சை அட்டை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. நீங்கள் இழுக்கிற 'ஆ', 'ம்' எல்லாவற்றையும் எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை அவர் கணக்கைப் படிக்கும்போது முகம் சுருங்கும், நாலாவது தடவை நீங்களே சிரிப்பீர்கள்.

தனி கோச் வேண்டியது வேறு விஷயத்துக்கு. மேனேஜரோடு உரசல், வேலையை விடும் யோசனை, இதையெல்லாம் குழுவில் அவிழ்க்காதீர்கள். பக்கத்து நாற்காலியில் அந்த மேனேஜரின் பழைய ரூம்மேட் உட்கார்ந்திருப்பார், பெங்களூரு அப்படிப்பட்ட ஊர். இதற்கு எட்டு முறை எதற்கு, இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள், போதும். கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் லைசென்ஸ் எதுவும் தேவையில்லை, அதனால் சான்றிதழைக் கேளுங்கள். இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனின் முதல் படியான ஏ.சி.சி.க்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் காட்ட வேண்டும். அதைக் கேட்டதும் ஃபாலோயர் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தால், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் கடைசி வரி. அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரியாகப் படுகிறது. ஆறு மாதத் தூக்கமின்மை எந்தக் கோச்சின் வேலையும் இல்லை. 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். நேரில் போக நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. குழு வகுப்பில் அடுத்த பேட்ச்சில் சேர்ந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.