வீட்டில் கட்டும் விமானத்துக்குத் தண்ணீர் இன்ஜினா, காற்று இன்ஜினா?

சேலம் பக்கம் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களும் கட்ட ஆசைப்படுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் இன்ஜின் சூட்டைப் பற்றித்தான். நம் ஊர் வெயிலுக்கு அது நியாயமான கவலை. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில். தண்ணீர் இன்ஜின் என்றால் தண்ணீரால் குளிர்வது, காற்று இன்ஜின் என்றால் வீசும் காற்றாலேயே குளிர்வது.

பழைய மாருதி 800 இன்ஜின் கையில் இருக்கிறது. அதே ரேடியேட்டரோடு விமானத்தில் வைக்கலாமா? (ஓமலூர், மாணவர்)

வேண்டாம் தம்பி. கார் சமதளத்தில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் தன் முழு சக்தியில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. விமானமோ தரையை விட்டுக் கிளம்பும்போதே முழு த்ராட்டில், மேலே போன பிறகும் முக்கால் சக்தியில் மணிக்கணக்காக ஓட வேண்டும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து ஆவி பறக்க நிற்கும் பழைய காரைப் பார்த்திருப்பீர்கள், விமானத்துக்கு ஒவ்வொரு டேக் ஆஃபும் அப்படித்தான். பெரிய ரேடியேட்டர் வேண்டும், அதையும் வெறும் காற்றில் தொங்கவிடக் கூடாது. சின்ன வாயில் தொடங்கி மெல்ல விரியும் குழாய்க்குள் வைத்தால்தான் காற்று வேகம் குறைந்து, அழுத்தம் கூடி, ஃபின்களுக்குள், அதாவது சூட்டை வெளியே விடும் மெல்லிய தகடுகளுக்கு நடுவே, ஒழுங்காக நுழையும்.

காற்றில் குளிரும் நாலு சிலிண்டர் இன்ஜின். பின்பக்கம் ஒரு சிலிண்டர் மட்டும் சூடாகிறது. ஆயில் கூலர் போட்டால் சரியாகுமா? (சூரமங்கலம்)

ஆயில் கூலர் வாங்கும் காசை அப்படியே வைத்திருங்கள், முதலில் தடுப்புத் தகடுகளைப் பாருங்கள். ஆட்டோ இன்ஜினைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடு இருக்கும், அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். விமானத்திலும் அதே கதைதான். முன்னால் நுழையும் காற்று இன்ஜினுக்கு மேலே தேங்கி, ஃபின்களின் வழியாக மட்டுமே கீழே இறங்க வேண்டும். தகட்டுக்கும் இன்ஜினை மூடும் மேல் உறைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியில் போய்விடும்.

ராத்திரி ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, உறைக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, மறுபக்கம் இருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் காற்றும் கசியும் இடம். சூடு தாங்கும் சிலிக்கானும் ரப்பர் பட்டையும் வைத்து அடையுங்கள். அப்புறம், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் இருக்கிறதல்லவா, அதேபோல ஒன்றில் பாதித் தண்ணீர் ஊற்றி காக்பிட்டில் நிறுத்தி, ஒரு முனையை இன்ஜினுக்கு மேலேயும் மறு முனையைக் கீழேயும் கொண்டுபோங்கள். பறக்கும்போது இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃபின்களுக்குக் கிடைக்கும் அழுத்தம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தமே 5 செ.மீ. தண்ணீர் உயரத்தைத் தாண்டாது. இருப்பதே அவ்வளவுதான், அதில் ஓட்டைக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும்?

நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீர்தானே நல்லது? (அஸ்தம்பட்டி)

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை, 110 டிகிரி, வெளியே 40 என்றால் சூட்டை வெளியே தள்ள 70 டிகிரி வித்தியாசம்தான் இருக்கிறது, 15 டிகிரி குளிரில் அது 95. காற்றில் குளிரும் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) 200 டிகிரியில் ஓடினால் அதே வித்தியாசம் 160, குளிரில் 185. இந்த வித்தியாசத்தில் வெயில், தண்ணீர் இன்ஜினுக்குக் கால்வாசியைப் பறிக்கிறது, காற்று இன்ஜினுக்கு ஏழில் ஒரு பங்குதான். அதனால் ரேடியேட்டர் அளவை சித்திரை மதியத்துக்குக் கணக்குப் போடுங்கள், மார்கழிக் காலைக்கு அல்ல.

அதற்காகத் தண்ணீர் வீண் என்று சொல்லவில்லை. ரோட்டாக்ஸ் 912 என்ற விமான இன்ஜினின் 100 குதிரைத்திறன் மாடல் வெறும் 1352 சி.சி.யில், நிமிடத்துக்கு 5800 சுற்றில் அந்த சக்தியைத் தருகிறது. கான்டினென்டல் ஓ-200 என்ற காற்று இன்ஜின் அதே 100-க்கு ஏறக்குறைய 3.3 லிட்டர் எடுத்து 2750 சுற்றில் நிதானமாக ஓடுகிறது. சின்ன ஹெட்டில் அவ்வளவு சூடு குவிவதால்தான் ரோட்டாக்ஸில் ஹெட்டுக்குத் தண்ணீர், சிலிண்டருக்குக் காற்று.

ஏற்காடு உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமே? (ஏற்காடு, காபித் தோட்டக்காரர்)

திறந்த பாத்திரத்தில் 95 டிகிரி வாக்கில் கொதிக்கும், உண்மைதான். ஆனால் ரேடியேட்டர் மூடி வெளிக்காற்றைவிட 0.9 பார் அழுத்தம் அதிகமாகப் பிடித்துவைக்கும் என்றால், தண்ணீர் கொதிக்கும் சூட்டில் கடல் மட்டத்துக்கும் ஏற்காட்டுக்கும் மூன்று டிகிரிதான் வித்தியாசம். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால்தான் ஆபத்து. வருஷம் ஒரு முறை புது மூடி போடுங்கள்.

ஹோஸ் பிய்த்துக்கொண்டால் எவ்வளவு நேரம் இருக்கும்? (மேட்டூர்)

நிமிடங்கள்தான். இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கார் இன்ஜினை ஸ்டாண்டில் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது, நான் சரியாக முறுக்காமல் விட்ட கிளிப்பிலிருந்து கீழ் ஹோஸ் கழன்றது. மீட்டரைப் பார்த்தேன், முள் மேலே ஏறவில்லை, இறங்கியது. சென்சாரைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீரே இல்லை, வெறும் காற்றைத்தான் அது அளந்துகொண்டிருந்தது. பெயின்ட் கருகிய வாடை வந்த பிறகுதான் சுவிட்சை அணைத்தேன், அதற்குள் ஹெட் வளைந்துவிட்டது. அதனால் தண்ணீர் இன்ஜின் வைக்கிறவர்கள் கூலன்ட் சூட்டு மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கூலன்ட் அழுத்தத்துக்கு ஒரு எச்சரிக்கை விளக்கு, ஹெட் உலோகத்திலேயே ஒரு சென்சார், இரண்டும் கட்டாயம். முதல் விமானம் கட்டுகிறவருக்குக் காற்று இன்ஜினையே நான் சொல்வதும் இதனால்தான், அதில் கழன்றுபோகத் தண்ணீர் ஹோஸே இல்லை.

போர் தண்ணீர் ஊற்றலாமா? (ஆத்தூர்)

கூடவே கூடாது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டருக்குள்ளும் படியும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் பாதி, அலுமினியத்துக்கு ஏற்ற கூலன்ட் பாதி. ஊற்றிய தேதியை மூடிக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.