சர்வீஸ் செய்த மூன்றாம் நாளே ஆயில் ஒழுகினால் என்ன செய்வது?

கோலாலம்பூர் செந்தூலில் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றிய மூன்றாம் நாளே டாஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது, கீழே ஆயில் ஒழுகுகிறது, பட்டறைக்காரர் "பழைய வண்டிதானே" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எஞ்சினை அணையுங்கள். அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் அழுத்தம் குறைந்த அறிகுறி. அப்படியே ஓட்டினால் பேரிங் தேய்ந்து எஞ்சினே போய்விடும். அப்புறம், கழுவுவதற்கு முன்பே எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்கத் திறக்கும் நட்டைப் படம் எடுங்கள். என் காரில் அதை அளவுக்கு மீறி முறுக்கி மரையே போயிருந்தது. அந்த ஒரு படம்தான் என்னைக் காப்பாற்றியது.

வேறு பட்டறைக்கு உடனே ஓடாதீர்கள். மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்வது சர்வீஸ் செய்த பட்டறைக்காரர்களின் பொறுப்பு. ஆனால் சரிசெய்ய முதலில் அவர்களுக்கே வாய்ப்புத் தர வேண்டும். வாட்சாப்பில் தேதி குறிப்பிட்டுக் கேளுங்கள். மறுத்தால் வெளியே சரிசெய்து செலவைக் கேட்கலாம். புதிய மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள்.

செலவைத் தரவும் மறுத்தால், பயனீட்டாளர் புகார்களை விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் வெறும் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. தயங்காமல் போங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.