ஏணி வைத்த வீடு

கேள்வி: அமெரிக்காவில் ஆதிக் குடியேறிகள் கட்டிய வீடுகளைப் பூட்டி வைத்து வேடிக்கை காட்டுவதோடு சரியா? – ஒரு வாசகி

பதில்: எல்லா இடத்திலும் அப்படியில்லை. யூட்டா மாநிலத்தில் ஃப்ரூட்டா என்று ஓர் ஊர். மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் பழத்தோட்டம் போட்டுப் பிழைத்த இடம். பத்துக் குடும்பம் இருந்தாலே பெரிய கூட்டம். அங்கே 1908-ல் கட்டிய வீட்டை 1928-ல் கிஃபர்ட் குடும்பம் வாங்கியது. மாடியறைக்கு முதலில் வெளிப்பக்க ஏணியில்தான் ஏற வேண்டும். மின்சாரம் 1948-ல், குளியலறை 1954-ல். பனி கொட்டும் நடுராத்திரியில் அவசரமென்றால் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது!

1969-ல் வீட்டை அரசின் தேசியப் பூங்காத் துறைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஊரின் கடைசிக் குடி அவர்கள்தான். இன்று அது பாதி அருங்காட்சியகம், பாதி கடை. உள்ளங்கை அகலத்தில் பழப் 'பை' (pie – மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட பண்டம்) விற்கிறார்கள். நான் ஆப்பிள் 'பை' வாங்கி வாசலிலேயே தின்று முடித்தேன்.

அப்புறம், அந்தப் பழத்தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன. பருவத்தில் போனால் தோட்டத்துக்குள் நின்று தின்பது இலவசம். பறித்து வெளியே எடுத்துப் போனால் எடைக்குக் காசு.