ஆங்கிலத்தில் ‘பர்க்’ என்ற வினைச்சொல்லுக்கு என்ன பொருள்? காவல்துறை பற்றிய செய்திகளில் வரும் ‘பர்க்கிங்’ இதுதானா?

அதேதான். வெளியே வரவேண்டிய ஒன்றை வரவிடாமல், சத்தமில்லாமல் அமுக்கிவிடுவது. எழுத்துகள் பி, யு, ஆர், கே, இ. வினையாக எழுதும்போது முதலெழுத்தைச் சிறியதாகவே போடுகிறார்கள்.

மூலம் ஒரு கொலைகாரனின் பெயர். அயர்லாந்திலிருந்து ஸ்காட்லாந்துக்குப் பிழைக்கப் போன வில்லியம் பர்க்கும் அவன் கூட்டாளி வில்லியம் ஹேரும் எடின்பரோவில் இருந்தார்கள். உடற்கூறு வகுப்புகளுக்குச் சட்டப்படி கிடைத்த சடலங்கள் போதாத காலம் அது. 1827 கடைசியில், ஹேரின் விடுதியில் வாடகை பாக்கியோடு இறந்துபோன ஒரு முதியவரின் உடலை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறு ஆசிரியரின் கூடத்தில் 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். ருசி கண்டுவிட்டது. அடுத்த ஓராண்டுக்குள் 16 பேரைக் கொன்று விற்றார்கள்.

சொல்லுக்குப் பொருள் கொடுத்தது கொன்ற விதம்தான். குடிக்க வைத்து, ஆள் மயங்கியதும் மார்பை அழுத்தி, வாயையும் மூக்கையும் பொத்திவிடுவார்கள். காயம் இல்லை, ரத்தம் இல்லை. பார்த்தால் இயற்கைச் சாவு போலிருக்கும். ஹேர் அப்ரூவராகித் தப்பித்தான். பர்க்கை 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டபோதே கூட்டம் அவன் பெயரை வினையாக்கி, ‘பர்க் ஹிம்’ என்று கத்தியதாகச் சொல்வார்கள். அவன் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூடு இன்னும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

மூச்சடைத்துக் கொல்வது என்ற நேர்ப்பொருள் இப்போது பொது வழக்கில் இல்லை. ‘தி மினிஸ்டர் பர்க்ட் தி என்கொயரி’ என்றால் விசாரணையே எழாதபடி அமைச்சர் பார்த்துக்கொண்டார் என்று அர்த்தம். இது செயப்படுபொருள் கேட்கும் வினை. விசாரணை, கேள்வி, விவாதம், அறிக்கை போன்றவையே அந்த இடத்தில் வரும். ‘ஷெல்வ்’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கிடப்பில் போடுவது. கோப்பு எங்கோ தூங்கும், நாளை தூசி தட்டி எடுக்கலாம். பர்க் செய்தால் பெரும்பாலும் கோப்பே இருக்காது.

பிரிட்டனில் அருகிப்போன இந்தச் சொல்லுக்கு இந்தியக் காவல்துறை ஆங்கிலத்தில் நல்ல ஆயுசு. இங்கே ‘பர்க்கிங் ஆஃப் கிரைம்’ என்றால் புகார் வந்தும் எஃப்.ஐ.ஆர். போடாமல் விடுவது. பதிவானால் குற்றக் கணக்கு ஏறும், மேலிடம் கேள்வி கேட்கும் என்பது வழக்கமான காரணம். கொள்ளையைச் சாதாரணத் திருட்டாகக் குறைத்துப் பதிவதற்கு ‘மினிமைசேஷன்’ என்று வேறு பெயர். செய்தியில் இரண்டும் சேர்ந்தே வருவதால் பலர் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள். பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்திருப்பதாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்ற 2013-ஆம் ஆண்டு லலிதா குமாரி தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறது.

தமிழில் ‘கேஸை அமுக்கிட்டாங்க’ என்பதைவிடப் பொருத்தமாக வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. ‘மறைத்தல்’ போதாது, அதில் அழுத்தம் இல்லை.

பேச்சில் மட்டும் கொஞ்சம் கவனம். யு-வுக்குப் பதில் இ போட்டு, கடைசி இ இல்லாமல் எழுதும் இன்னொரு ‘பர்க்’ பிரிட்டிஷ் கொச்சையில் ‘மடையன்’. உச்சரிப்பு அப்படியே ஒன்றுதான்.